மனநோய்க்குச் சங்கிலியும் வேண்டாம், போலி போர்டும் வேண்டாம்!



“மனசுக்கு வைத்தியமாம்! வயிறு நிறைந்தவனுக்கு வருகிற வியாதி ஐயா அது. நமக்கென்ன?” காவேரிப்பாக்கம் டீக்கடைகளில் இந்தப் பேச்சைத் தினமும் கேட்கலாம். பேசுகிறவர்களில் நம் ஆட்களும் உண்டு. சென்ற வருஷம் வரை நானும் அவர்களில் ஒருவன்.

சென்ற வருஷம் நடந்ததைச் சொல்கிறேன். ஷூ கம்பெனி ஒன்றில் அப்பர் தைக்கும் பெண், எங்கள் தெருக்காரி. விடியுமுன் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வீடு. இரண்டு மாதமாகத் தூக்கமில்லை. மெஷினில் கை நடுங்குகிறது. திடீரென்று நெஞ்சு படபடத்து மூச்சு முட்டுகிறது. சூப்பர்வைசர் “நடிப்பு” என்றான். மாமியார் “காத்து கருப்பு” என்றாள். மந்திரவாதிக்கு ஒரு கோழியும் மூவாயிரம் ரூபாயும் போயின. நான் என்ன செய்தேன்? “சங்கக் கூட்டத்துக்கு வாம்மா, நாலு பேரோடு பழகினால் சரியாகிவிடும்” என்று உபதேசம் செய்தேன்!

பிறகு டவுனில் கண்ணாடிக் கதவு போட்ட ஓர் ஆலோசனை மையத்துக்கு அழைத்துப் போனார்கள். அங்கிருந்த ஆசாமி ஐந்து நிமிஷம் கேட்டார், ஐம்பது நிமிஷம் பிரசங்கம் செய்தார். “புருஷனை அனுசரித்துப் போ, நல்லதையே நினை.” கட்டணம் ஆயிரத்து ஐந்நூறு! சுவரில் தொங்கிய சான்றிதழ் மூன்று நாள் பயிற்சிக்குக் கொடுத்தது என்று பிற்பாடு தெரிந்தது. மந்திரவாதியும் இவரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். மந்திரவாதியாவது கோழியைச் சமைத்துச் சாப்பிட்டான்.

இந்த அலட்சியம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நாடு கண்டிருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் நடத்திய மனநோயாளர் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் பிணைத்திருந்தார்கள். ஓட வழியில்லை. 28 பேர் கருகி மாண்டார்கள். தர்காவுக்கோ கோயிலுக்கோ போகிறவனை நான் ஏசவில்லை. அதே ஏர்வாடி தர்காவில் பின்னாளில் சர்க்கார் மருத்துவர்கள் உட்கார்ந்து, துவாவோடு மருந்தும் கிடைக்கச் செய்தார்கள். ஏசுவது சங்கிலி போட்டுக் காசு வாங்கியவனை. அதைப் பார்த்தும் பாராமல் இருந்த சர்க்காரை.

வேறு வழி தெரியாத காலமா அது? நமக்குப் பக்கத்தில், வேலூர் பாகாயத்தில், சி.எம்.சி.யின் மனநல மையம் 1957-இலேயே தொடங்கிவிட்டது. நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிப் பராமரிக்கும் முறை அங்கே வழக்கத்துக்கு வந்தது. ஏர்வாடி எரிவதற்கு 44 வருஷம் முன்பு!

உளவழிச் சிகிச்சை என்பது புத்திமதி அல்ல. பயிற்சி பெற்றவர் எதிரே உட்கார்ந்து, வாரம் ஒருமுறை, முக்கால் மணி நேரம் போல, குறித்த நோக்கத்தோடு நடக்கும் பேச்சு. எந்த நேரத்தில் பயம் வருகிறது, அப்போது என்ன நினைப்பு ஓடுகிறது, அதற்குப் பயந்து எதையெல்லாம் விட்டுவிட்டோம் என்று நூல் பிரிப்பதுபோல் பிரித்து, வீட்டில் செய்து பார்க்கப் பயிற்சியும் கொடுப்பார்கள். மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றுக்கு இது பலிக்கிறது. சிலருக்கு மருந்தும் வேண்டும். மருந்து எழுதுகிறவர் மருத்துவம் படித்த டாக்டராக இருக்க வேண்டும்.

ஆகவே கூச்சப்படாமல் கேளுங்கள்: என்ன படித்தீர்கள்? எங்கே பதிவு? மருத்துவ உளவியலாளர் என்றால் 1992-ஆம் வருஷச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். எத்தனை தடவை வர வேண்டும், எவ்வளவு செலவாகும்? உயிருக்கு ஆபத்து என்றால் ஒழிய, நான் சொல்வது வெளியே போகாதே? கம்பெனியே அமர்த்திய ஆலோசகரிடம் இந்தக் கடைசிக் கேள்வியை இரண்டு தடவை கேளுங்கள். ஒரே நாளில் குணமாக்குகிறேன் என்பவரையும், டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்து என்பவரையும் விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

“சமுதாயம் கெட்டிருக்கிறது, அதை மாற்றாமல் மனசுக்கு மருந்து எதற்கு?” என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். லாரி மோதிக் கால் முறிந்தவனிடம், லாரி முதலாளி மேல் வழக்குப் போடும்வரை கட்டுப் போடாதே என்போமா? இன்னொன்றும் உண்டு. சூப்பர்வைசர் தொல்லையால் நடுங்கும் பெண்ணிடம் “பொறுத்துக்கொள்” என்று சொல்வது சிகிச்சையே அல்ல. பாலியல் தொல்லை என்றால் 2013-ஆம் வருஷச் சட்டப்படி புகார்க் குழு இருக்கிறது. சிகிச்சையும் வேண்டும், புகாரும் வேண்டும்.

சர்க்கார் என்ன செய்தது? தேசிய மனநலத் திட்டம் 1982-இல் வந்தது. 2015-16 தேசிய மனநல ஆய்வோ, மனநோய்க்குத் தக்க நோயாளிகளில் நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சை பெறவில்லை என்று கண்டது. 2018 மே 29-இல் அமலுக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியை எந்த ரூபத்திலும் தடுக்கிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவருக்கு இலவசச் சிகிச்சையை உரிமையாக்குகிறது. காகிதத்தில் உரிமை, கையில் வெறும் சீட்டு!

ஆளில்லை, பணமில்லை என்று கை விரிக்க வேண்டாம். கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மனநலப் பட்டம் பெறாத சாதாரண ஆட்களுக்கு முறையாகப் பயிற்சி தந்து, மேற்பார்வையும் வைத்து, கடும் மனச்சோர்வு உள்ளவர்களுக்கு ஆறு முதல் எட்டுத் தடவை பேச்சுச் சிகிச்சை அளித்தார்கள். மூன்று மாதத்தில் நூற்றுக்கு 64 பேர் தேறினார்கள்; வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 39 பேர்தான். லான்செட் பத்திரிகையில் 2017-இல் வெளிவந்த கணக்கு இது. மூன்று நாள் சான்றிதழ்க்காரருக்கு இல்லாதது அந்த மேற்பார்வைதான்.

எங்கள் தெருப் பெண் கடைசியில் அரசாங்க ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போனாள். இப்போது தூங்குகிறாள்; மெஷினில் உட்காருகிறாள். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போகிறது. காவேரிப்பாக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஞாயிற்றுக்கிழமை மனநலப் பிரிவு நடத்து, பேச்சுச் சிகிச்சைக்குப் பயிற்சி பெற்ற ஒருவரை நியமி என்று மனு எழுதியிருக்கிறோம். முதல் கையெழுத்து அவளுடையது. அவசரத்துக்கு 14416 என்ற எண்ணில் இலவசமாகப் பேசலாம். தமிழிலேயே பதில் சொல்வார்கள். அடுத்த கிராம சபைக்கு வருகிறவர்கள் மனுவில் கையெழுத்திட்டுவிட்டு உட்காருங்கள்.