பூச்சி எதுவென்று தெரியாமல் மருந்தா?

கம்போங் மேடானிலும் அதனை ஒட்டிய அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் பயிரிட மண் குறைவு. ஆயினும், வேலியோரத்திலும் பழைய சாய வாளிகளிலும் பாகல், பீர்க்கு, பூசணி, முலாம்பழம் போன்ற கொடிகளை வளர்க்கும் ஆர்வம் குறையவில்லை. பிஞ்சுகள் வெம்பி விழத் தொடங்கியதும் பலரது வாயில் முதலில் வரும் சொல், “மருந்து அடிக்க வேண்டும்” என்பதாகும். பூச்சியைக் கொல்லும் நஞ்சுக்கு ‘மருந்து’ என்று பெயர் வழங்குவது வியப்புக்குரியது. அந்தப் பெயரே நஞ்சின் மீது இருக்க வேண்டிய அச்சத்தைப் பாதியாகக் குறைத்துவிடுகிறது.

இங்கு வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் வேர் ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் இருக்கிறது. தோட்டத்தில் முதுகில் கலனைச் சுமந்து ‘மருந்து’ அடித்தவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். தோட்டத் தொழிலாளர்கள் நஞ்சினால் அடைந்த பாதிப்புகளைத் தெனாகானித்தா அமைப்பு 2002-ஆம் ஆண்டு ஓர் ஆய்வறிக்கையாக வெளியிட்டது. பாராகுவாட் என்னும் கொடிய களைக்கொல்லிக்கு அதே ஆண்டில் அறிவிக்கப்பட்ட தடை 2006-இல் தளர்த்தப்பட்டது. முழுமையான தடை 2020 ஜனவரி முதல் நாளன்றுதான் நடப்புக்கு வந்தது. பாராகுவாட் பூச்சிக்கொல்லி அன்று. எனினும், பாட்டி தோட்டத்தில் சுமந்த கலனைப் பேரப்பிள்ளைகள் விளையாடும் அடுக்குமாடியின் அடிவாசலுக்கு மீண்டும் கொண்டுவர வேண்டுமா என்ற கேள்வி பூச்சிக்கொல்லிக்கும் பொருந்தும்.

அதைவிட முக்கியமானது, அந்த நஞ்சு பெரும்பாலும் பயன் தருவதில்லை என்பதாகும். முலாம்பழப் பிஞ்சு கோணலாக வளர்ந்து, ஊசி குத்தியதுபோன்ற புள்ளியிலிருந்து பிசின் கசிந்தால், அது பழ ஈயின் வேலை. செம்பழுப்பு உடல், முதுகில் மஞ்சள் கோடுகள், சிறகில் கரும்பட்டை ஆகியவற்றைக் கொண்ட இந்த ஈ, சிறு குளவியைப் போலத் தோன்றும். பெண் ஈ தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடும். ஓரிரு நாளில் வெளிவரும் புழுக்கள் சதையைத் தின்று வளர்ந்து, மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகும். தோலுக்குள் இருக்கும் புழுவை, மேலே தெளிக்கும் மருந்து எப்படித் தொடும்? வேப்பெண்ணெயும் தொடாது. இயற்கை முறை என்பதற்காக அது மாயம் செய்துவிடாது.

பழ ஈக்கு உரிய வழி மிக எளியது. பூ வாடியபின், பிஞ்சு கோழிமுட்டை அளவை அடைவதற்குள் அதனை நாளிதழ்த் தாளிலோ துணிப்பையிலோ உறையிட்டுக் காம்பில் கட்டிவிட வேண்டும். மலேசியாவில் நட்சத்திரப் பழம் பயிரிடும் விவசாயிகள் ஆயிரக்கணக்கான காய்களுக்கு இவ்வாறே உறையிடுகின்றனர். பத்துக் காய் காய்க்கும் கொடிக்கு இதனைச் செய்ய நேரமில்லை என்பது ஏற்கத்தக்க காரணமன்று. பொறி வைக்கும்போதும் இனம் அறிய வேண்டும். துளசி வகைகள் சிலவற்றில் உள்ள மெத்தில் யூஜினால் மாம்பழத்தையும் நட்சத்திரப் பழத்தையும் தாக்கும் ஈக்களை ஈர்க்கும். கொடிக்காய்களைத் தாக்கும் ஈயோ கியூலூர் என்னும் வேறொரு பொருளையே நாடும். அந்தப் பொறியிலும் விழுவது ஆண் ஈக்கள்தாம் என்பதால், உறையிடும் வேலை எப்படியும் தப்பாது.

இனம் தெரியாமல் நண்பனைக் கொல்வதும் நடக்கிறது. பளபளக்கும் பொறிவண்டு அசுவினியைத் தின்று கொடியைக் காக்கும். அதன் உறவான மற்றொரு வண்டின் முதுகில் கரும்புள்ளிகள் அதிகம். மெல்லிய மயிர் படர்ந்திருப்பதால் பளபளப்பும் இராது. பாகல் இலையைச் சல்லடையாக்குவது அதுவே. இலையின் அடியில் இருக்கும் அதன் மஞ்சள் முட்டைகளையும் முள் நிறைந்த புழுக்களையும் கையால் நசுக்கிவிடலாம். இளங்கன்றின் இலைகளில் ஓட்டையிடும் செம்மஞ்சள் பூசணி வண்டையும், அது சோம்பிக் கிடக்கும் விடியற்காலையில் பிடித்துச் சவர்க்கார நீரில் போடலாம். அசுவினிக்கும் வெள்ளை ஈக்கும்தான் வேப்பெண்ணெய் ஏற்றது. ஒரு லிட்டர் நீரில் 5 மில்லிலிட்டர் எண்ணெயும் சில சொட்டுச் சவர்க்காரக் கரைசலும் சேர்த்து, இலையின் அடிப்பக்கத்தில் மாலையில் தெளிக்க வேண்டும். காலையில் தெளித்தால், பூவை நாடி வரும் தேனீக்கள் பாதிக்கப்படும். ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியாகப் பூக்கும் இக்கொடிகள் தேனீ வராவிடில் காய்ப்பது அரிது. புகையிலை ஊறிய நீரைச் சிலர் இயற்கை மருந்தென்று பரிந்துரைப்பர். அதிலுள்ள நிக்கோட்டின் மனிதருக்கும் நஞ்சாகும்.

இவற்றையெல்லாம் ஒரு வீட்டார் மட்டும் செய்தால் போதுமா? பழ ஈ வேலியைத் தாண்டிப் பறக்கும். ஜப்பானின் ஓக்கினாவாத் தீவுகளில் 1972-ஆம் ஆண்டு தொடங்கி, மலடாக்கப்பட்ட ஈக்களைக் கோடிக்கணக்கில் பறக்கவிட்டு, 1993-இல் இதே ஈயை முற்றாக ஒழித்தனர். தீவு தீவாக, விடுபடாமல் செய்ததால்தான் அது கைகூடியது. அத்தகைய பெருந்திட்டம் கம்போங் மேடானுக்குத் தேவையில்லை. விழுந்த காய்களை அன்றன்றே பொறுக்கி, நெகிழிப்பையில் இறுகக் கட்டிச் சில நாள் வெயிலில் வைத்தால் உள்ளிருக்கும் புழுக்கள் மடியும். அவற்றை அப்படியே உரக்குழியில் எறிந்தால், மூன்று வாரத்திற்குள் அடுத்த தலைமுறை ஈக்கள் அங்கிருந்தே புறப்படும். குடியிருப்பாளர் சங்கத்தின் துப்புரவுப் பணிப் பட்டியலில், குப்பை அகற்றுவதோடு அழுகிய காய் பொறுக்குவதையும் சேர்க்கலாம். அதற்கு ஒரு ரிங்கிட்கூடச் செலவாகாது.