ஓர் இழையை மட்டும் இழுத்தால்



அண்மையில் கடையநல்லூரில் ஓர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். இருசக்கர வண்டி விபத்தில் வளர்ந்த மகனைப் பறிகொடுத்த குடும்பம் அது. முப்பதாம் நாள் திருப்பலி முடிந்து, வீட்டில் செபமாலையும் சொல்லி, உறவினர் ஒவ்வொருவராக விடைபெற்றுச் சென்ற பின்னர், இறந்த இளைஞனின் தாய் நம்மிடம் வந்தார். "சாமி, எங்க அப்பா செஞ்ச பாவந்தான் என் பிள்ளையக் கொண்டு போச்சா?" என்று கேட்டார்.

நாம் திடுக்கிட்டோம். ஆறுதல் சொல்ல வந்த ஒருவர் வேதாகமத்தைத் திறந்து, யாத்திராகமம் இருபதாம் அதிகாரத்தில் ஒரு வசனத்தைக் காட்டிச் சென்றாராம். தந்தையரின் தீமைக்காக மூன்றாம் நான்காம் தலைமுறை வரை பிள்ளைகளைத் தண்டிப்பதாக இறைவன் எச்சரிக்கும் இடம் அது. அம்மையாரின் தந்தையோ குடியினால் குடும்பத்தைக் கெடுத்தவர். தாத்தா, மகள், பேரன்: மூன்று தலைமுறை. கணக்குச் சரியாக இருக்கிறதே என்று அந்தத் தாய் ஒரு மாதமாக உறங்கவில்லை.

பக்கத்து வீட்டு இஸ்லாமியப் பெரியவர் திண்ணையில் அமர்ந்து இதனைக் கேட்டுக்கொண்டிருந்தார். நெசவுக்குப் பெயர் பெற்ற அவ்வூரில் பல்லாண்டு தறி நெய்தவர். தயங்கித் தயங்கி ஒரு வினா எழுப்பினார்: "சாமி, தப்பா நினைக்கக்கூடாது. எங்க வேதம் அல்லாஹ்வோட சொல்லாவே நபிக்கு இறங்கினது. உங்க வேதம் கடவுள் சொல்லா, மனுசன் எழுதினதா?"

இரண்டுமே என்றோம். இந்த 'இரண்டுமே' என்னும் விடையில்தான் விவிலியத்தைப் பற்றிய கத்தோலிக்கப் போதனையின் அடித்தளம் அமைந்துள்ளது.

விவிலியத்தின் ஆசிரியர் இறைவனே. ஆயினும் அவர் மனிதரை எழுதுகோல்களாக மட்டும் கையாளவில்லை. அவர்களுடைய அறிவையும் மொழியையும் உழைப்பையும் பயன்படுத்தி, தாம் விரும்பியதை அவர்களே உண்மையான ஆசிரியர்களாக எழுதும்படி செய்தார். இதனையே இறை ஏவுதல் என்கிறோம். புனித லூக்காஸ் தம் நற்செய்தியின் தொடக்கத்திலேயே, எல்லாவற்றையும் ஆராய்ந்து ஒழுங்காக எழுதுவதாகக் கூறுகிறார். மக்கபேயர் இரண்டாம் நூலின் ஆசிரியரோ, ஐந்து நூல்களில் விரிந்த வரலாற்றை ஒன்றாகச் சுருக்குவதற்குத் தாம் வியர்வை சிந்தியதையும் உறக்கம் இழந்ததையும் மறைக்காமல் சொல்லுகிறார். இறைவார்த்தை மனித வியர்வையின் வழியாகவும் நம்மிடம் வந்துள்ளது!

ஆகவே, எழுதியவர் எக்காலத்தில், யாருக்கு, எந்த இலக்கிய வகையில், எக்கருத்தை உணர்த்த எழுதினார் என்று கேட்பது விசுவாசக் குறைவு ஆகாது, அது கடமை. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1943இல் எழுதிய சுற்றுமடலில் இதனை வற்புறுத்தினார். தமிழருக்கு இது புதிதும் அன்று. கலிங்கத்துப்பரணியில் பேய்கள் கூழ் அடுவதைப் படித்துவிட்டு, அந்த அடுப்பு எங்கே என்று எவரும் தேடுவதில்லை. பரணி என்னும் வகையை நாம் அறிவோம்.

யாத்திராகமத்தின் அந்த எச்சரிக்கை, சிலை வழிபாட்டை விலக்கும் உடன்படிக்கைக் கட்டளையின் ஒரு பகுதி. பல தலைமுறையினர் ஒரே குடும்பமாகக் கூடி வாழ்ந்த காலம் அது. குடும்பத் தலைவன் வழி தவறினால், அதன் விளைவு அனைவரையும் தாக்கும். அதற்கும் மேலாக, அடுத்த வசனத்தைப் பாருங்கள். தம்மை அன்பு செய்வோர்க்கு ஆயிரம் தலைமுறை இரக்கம் காட்டுவதாக இறைவன் சொல்லுகிறார். தண்டனைக்கு மூன்று நான்கு, இரக்கத்திற்கு ஆயிரம்! வசனத்தைக் காட்டியவர் அதற்கு அடுத்த வரியை அந்தத் தாய்க்குக் காட்டவில்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் இறை வெளிப்பாடு பற்றி வெளியிட்ட ஏடு மேலும் மூன்று வழிகளைக் காட்டுகிறது. முதலாவது, மறைநூல் முழுவதையும் ஒன்றாகக் காண வேண்டும். பாபிலோனில் அடிமைப்பட்டிருந்த மக்கள், தந்தையர் புளித்த திராட்சை தின்றதால் தங்கள் பல் கூசுகிறது என்று பழமொழி பேசினர். எசேக்கியேல் பதினெட்டாம் அதிகாரத்தில் இறைவன் அப்பழமொழியையே தடை செய்கிறார். தந்தையின் குற்றத்தை மகன் சுமப்பதில்லை என்று தெளிவுபடுத்துகிறார். அருளப்பர் நற்செய்தி ஒன்பதாம் அதிகாரத்தில், பிறவிக் குருடன் யார் பாவத்தால் இப்படிப் பிறந்தான் என்று சீடர் கேட்டபோது, அவனும் அல்ல, பெற்றோரும் அல்ல என்றார் ஆண்டவர். இதற்கு மேல் என்ன தீர்ப்பு வேண்டும்?

இரண்டாவது, திருச்சபையின் உயிருள்ள மரபு. மூன்றாவது, விசுவாச உண்மைகள் தமக்குள் கொண்டுள்ள இசைவு. அப்படியானால் சென்மப் பாவம் எப்படி என்று சிலர் கேட்கக்கூடும். அது ஆதாமின் மக்கள் எவரிடத்தும் தனிப்பட்ட குற்றமாக இருப்பதில்லை என்று 1992இல் வெளிவந்த மறைக்கல்வி நூல் கற்பிக்கிறது. பொருள் கூறும் பொறுப்பைப் பெற்ற திருச்சபையின் ஆசிரியமும் இறைவார்த்தைக்கு மேற்பட்டது அன்று. அதற்கு ஊழியம் செய்வதே.

இவற்றையெல்லாம் எளிய சொற்களில் விளக்கி முடித்ததும், பெரியவர் சொன்னார்: "சரிதான். துணியில ஒரு இழைய மட்டும் பிடிச்சு இழுத்தா, துணி முழுக்கச் சுருங்கிப் போகும்." நாம் பேசிய அனைத்தையும் அவர் ஒரே வாக்கியத்தில் நெய்துவிட்டார்.

அந்தத் தாய் சற்று நேரம் மௌனமாக இருந்தார். பின்னர், "அப்போ ஏன் சாமி போனான்?" என்றார். இதற்கு விடையாக ஒரு வசனத்தை எடுத்துக் காட்ட நமக்குத் துணிவில்லை. யோபுவின் நண்பர்கள் காரணம் காட்டப் புகுந்தே இறைவனின் கடிந்துரைக்கு ஆளாயினர். லாசரின் கல்லறையருகே ஆண்டவர் முதலில் விளக்கம் தரவில்லை, கண்ணீர் விட்டார். அதை மட்டும் சொல்லி, அவரோடு அமர்ந்திருந்தோம். அன்றிரவு, தகப்பனாருக்காகவும் ஒரு பூசை ஒப்புக்கொடுக்க வேண்டும் என்று அவரே கேட்டார். ஒரு மாதமாகத் தந்தையின் பெயரை வெறுப்போடு நினைத்தவர் அவர்.

அன்புக் குடும்பங்களே! பிற சபைச் சகோதரரும் நம்மவரும் இணைந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பு 1995 முதல் நம் கைகளில் இருக்கிறது. அதில் யாத்திராகமம் 'விடுதலைப் பயணம்' என்று பெயர் பெற்றுள்ளது. அந்தப் பெயரே எவ்வளவு ஆறுதல்! நாளும் ஓர் அதிகாரத்தை முழுமையாக வாசியுங்கள். துயருற்றோர் முன் வசனம் ஒன்றைத் திறக்கும் முன், அதற்கு முன்னும் பின்னும் உள்ளதை வாசித்துவிட்டீர்களா என்று உங்களையே கேளுங்கள். விடுதலை தர வந்த வார்த்தையால் எவரையும் கட்டிவிடாதிருப்போமாக.