நெய்வேலியிலிருந்தும் விண்மீன் மண்டலம் தேடலாம்

நெய்வேலி நகரியத்தில் முழு இருட்டு என்பது அபூர்வம். சுரங்கத்தில் மூன்று ஷிப்டும் வேலை நடக்கிறது. அங்கே எரியும் விளக்குகளும் அனல்மின் நிலையங்களின் வெளிச்சமும் விடியும்வரை அணைவதில்லை. பால்வீதியைக் கண்ணாரக் காண விரும்புகிறவர் ஜவ்வாது மலைப் பக்கம் போக வேண்டும். அங்குள்ள காவலூரில் 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியும் இருட்டைத் தேடித்தான் அங்கே போனது. ஆனாலும், கேலக்ஸி எனப்படும் தொலைதூர விண்மீன் மண்டலங்களை அடையாளம் காணும் வேலையை இந்த நகரியத்தில் உட்கார்ந்தே செய்யலாம் என்கிறேன். இருண்ட வானம் தொலைநோக்கிக்குத்தான் வேண்டும். அது எடுத்த படத்தை ஆராய்கிறவருக்கு ஒரு கணினி போதும்.

வேலைக்கும் குறைவில்லை. சிலி நாட்டில் வேரா ரூபின் ஆய்வகத்தின் 8.4 மீட்டர் தொலைநோக்கி 2025 ஜூனில் தன் முதல் படங்களை வெளியிட்டது. பத்தாண்டு ஆய்வில் அது சுமார் 2,000 கோடி விண்மீன் மண்டலங்களைப் பதிவு செய்யும் என்று எதிர்பார்க்கிறார்கள். ஒருவர் தூங்காமல் நொடிக்கு ஒன்றாகப் பார்த்தாலும் 600 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதனால்தான் இயந்திரக் கற்றல். லிக்னைட்டை எடுக்க மேல்மண்ணை மலைமலையாக அள்ளிக் கொட்டும் நெய்வேலிக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை: நம் பால்வீதியின் விண்மீன்கள், கருவிக் கோளாறால் விழுந்த புள்ளிகள், செயற்கைக்கோள் கீறல்கள் எல்லாவற்றையும் கழித்த பிறகுதான் தேடிய பொருள் கையில் கிடைக்கும்.

இந்தக் கழித்தலை இந்தியாவில் முன்கூட்டியே செய்துகாட்டியவர்களில் ஒருவர், எந்த மலை உச்சி ஆய்வகத்திலும் இருந்தவர் அல்ல. கேரளத்தில் பம்பைக் கரையில் உள்ள சிற்றூர் கோழஞ்சேரி. அங்குள்ள செயின்ட் தாமஸ் கல்லூரியின் இயற்பியல் ஆசிரியர் நைனான் சஜீத் பிலிப், படத்தில் உள்ள புள்ளி விண்மீனா, விண்மீன் மண்டலமா என்று பிரித்துச் சொல்லும் நரம்பியல் வலையமைப்பு ஒன்றை உருவாக்கினார். யோகேஷ் வாடதேக்கர், அஜித் கெம்பாவி ஆகியோருடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை 2002-ல் ஐரோப்பிய வானியல் இதழில் வந்தது. செயற்கை நுண்ணறிவு என்ற சொல் டீக்கடைக்கு வருவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே!

விண்மீனையும் விண்மீன் மண்டலத்தையும் பிரிப்பதாவது பரவாயில்லை. தொலைவைச் சொல்வதுதான் சிக்கல். பிரபஞ்சம் விரிவதால் தொலைதூர ஒளி சிவப்புப் பக்கம் நகர்கிறது. இந்தச் செம்பெயர்ச்சியைத் துல்லியமாக அளக்க ஒவ்வொன்றுக்கும் நிறமாலை எடுக்க வேண்டும். கோடிக்கணக்கானவற்றுக்கு அது முடியாத காரியம். எனவே நாலைந்து நிற வடிகட்டிகளில் பதிவான பிரகாசத்தை வைத்து இயந்திரம் தொலைவை ஊகிக்கிறது. அதற்குப் பாடமாகக் கொடுக்கப்படுபவை நிறமாலை எடுக்கப்பட்ட விண்மீன் மண்டலங்கள். அவற்றில் பெரும்பாலானவை பிரகாசமானவை, அருகில் உள்ளவை. பாடத்தில் இல்லாத மங்கலான, மிகத் தொலைவான பொருள் எதிர்ப்பட்டால், இயந்திரம் தெரியாது என்று சொல்லாமல் தெரிந்ததில் ஒன்றைச் சொல்லிவிடும். எங்கே அதை அதிகம் நம்பியிருக்கிறோமோ அங்கேதான் அது பலவீனமாக இருக்கிறது.

நிறத்தை மட்டும் நம்பினால் கைதேர்ந்தவர்களும் ஏமாறுவார்கள். ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் படங்களிலிருந்து 2022-ல் அறிவிக்கப்பட்ட ஒரு விண்மீன் மண்டலம், பெருவெடிப்புக்குப் பின் சுமார் 24 கோடி ஆண்டுகளில் இருந்தது என்று கணிக்கப்பட்டது. நிறமாலை எடுத்தபோது அது 120 கோடி ஆண்டுக் கணக்கில் வந்து நின்றது.

அதனால் இயந்திரத்துக்கு மனிதக் கண்களின் துணை வேண்டும். 2007-ல் தொடங்கிய கேலக்ஸி ஜூ திட்டத்தில் பொதுமக்கள் சுமார் 9 லட்சம் விண்மீன் மண்டலங்களைப் பார்த்து வகைப்படுத்தினார்கள். இயந்திரங்களுக்குப் பாடநூல் ஆனது அந்த உழைப்புதான். ஐரோப்பாவின் யூக்ளிட் விண்வெளித் தொலைநோக்கி 2025 மார்ச்சில் வெளியிட்ட தரவில் 3.8 லட்சம் விண்மீன் மண்டலங்களை வகைப்படுத்திய நிரலும் தன்னார்வலர்களின் கண்களிடம் கற்றதே. அதே தரவில் ஒளியை வளைக்கும் ஈர்ப்பு வில்லைகளாக இருக்கக்கூடிய 500 பொருள்களை அடையாளம் கண்டபோது, இயந்திரம் முதலில் சலித்தது, தன்னார்வலர்கள் பார்த்தார்கள், கடைசி முடிவை நிபுணர்கள் எடுத்தார்கள். 'ஏஐ கண்டுபிடித்தது' என்று நாம் போடும் தலைப்பில் இந்த ஆட்கள் எல்லாம் காணாமல் போகிறார்கள்.

இந்தியாவிலும் ஆட்கள் இருக்கிறார்கள். ஆனந்த ஹோதா 2013-ல் தொடங்கிய ராட் அட் ஹோம் அமைப்பு, மாணவர்களுக்கு ரேடியோ தொலைநோக்கிப் படங்களைப் படிக்கப் பயிற்சி தருகிறது. அந்தக் குழு கண்டறிந்த இரட்டை ரேடியோ வளையம் 2025-ல் வெளியானது. அதன் ஒளி நம்மை அடைய 700 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. அதே ஆண்டு நவம்பரில், புனேயில் உள்ள தேசிய ரேடியோ வானியற்பியல் மையத்தின் ராஷி ஜெயினும், கோழஞ்சேரி ஆசிரியருடன் 2002-ல் கட்டுரை எழுதிய அதே வாடதேக்கரும் அலக்நந்தாவை அறிவித்தார்கள். பெருவெடிப்புக்குப் பின் வெறும் 150 கோடி ஆண்டுகளில் சீரான சுருள் கரங்களோடு இருந்த விண்மீன் மண்டலம் அது. ஜேம்ஸ் வெப் தரவைச் சலித்துத்தான் அதை எடுத்தார்கள். பிரபஞ்சத்தின் அவ்வளவு சிறு வயதில் இவ்வளவு ஒழுங்கான சுருள் இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. எதிர்பாராததை எதிர்பாராதது என்று உணர, எது வழக்கம் என்று அறிந்த மனிதர் வேண்டும்.

அப்படிப்பட்டவர்களைத் தயாரிக்கப் பெரிய செலவில்லை. ஸ்லோன் என்ற வான் ஆய்வுத் திட்டத்தின் படங்களும் யூக்ளிட்டின் முதல் தரவும் எவருக்கும் இலவசம். நெய்வேலியில் ஜவஹர் அறிவியல் கல்லூரி இருக்கிறது; நிரல் எழுதத் தெரிந்த பிள்ளைகள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள்; ஆண்டுதோறும் புத்தகக் கண்காட்சிக்குத் திரளும் வாசகர்கள் இருக்கிறார்கள். கல்லூரி ஒரு ஆய்வுக் குழுவைத் தொடங்கட்டும். சுரங்கத்தை நடத்தும் என்எல்சி நிறுவனம் தன் சமூகப் பொறுப்பு நிதியில் சில நல்ல கணினிகளையும், புனே, பெங்களூரு ஆய்வாளர்கள் வந்து பயிற்சி தருவதற்கான செலவையும் ஏற்கட்டும். வரும் கல்வியாண்டே இதற்குச் சரியான நேரம்.