நெல்லுக்குத் தந்த விலக்கு சந்தனத்துக்குமா?

2025 மே 4ஆம் தேதி புது டில்லியில் 'கமலா', 'பூசா டி.எஸ்.டி. 1' என்ற இரண்டு நெல் ரகங்களை மத்திய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சௌகான் வெளியிட்டார். வேற்று உயிரின் மரபணுவைச் சேர்க்காமல், நெல்லின் சொந்த மரபணுவையே திருத்தி உருவாக்கியவை அவை. வன மரங்களிலும் இந்த வித்தை நுழைந்துவிட்டது. மகரந்தமும் விதையும் உண்டாகாத யூகலிப்டஸ் பற்றி அமெரிக்காவின் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2021-ல் அறிவித்தனர். ஆனால் திருத்திய கருவி அந்த மரத்துக்குள்ளேயே தங்கிவிட்டது.

இந்தச் சிக்கலைச் சற்று விளங்கிக்கொள்ள வேண்டும். டைப் அடித்த கடிதத்தில் ஓர் எழுத்தை மட்டும் திருத்துவது போன்றது மரபணுத் திருத்தம். திருத்துகிற கத்தரிக்கோலையும் வழக்கமாக ஒரு மரபணுவாகவே செடிக்குள் செலுத்துகிறார்கள். நெல்லில் அடுத்த தலைமுறை விதைகளைப் பொறுக்கி, கத்தரிக்கோல் இல்லாத செடியைப் பிரித்துவிடலாம். ஒரு போகம் போதும். சந்தனமோ பூக்கவே மூன்று நான்கு ஆண்டு. வைரம் பாய்ந்து வெட்டுக்கு வர முப்பது ஆண்டு. ஆகவே கத்தரிக்கோலை மரபணுவாக அன்றிப் புரதமாகவே ஒற்றைச் செல்லில் செலுத்தி, அதிலிருந்து கன்று வளர்க்க முயல்கிறார்கள். மரங்களில் அது எளிதில் கைகூடுவதில்லை.

கோவை வன மரபியல் நிலையமும் பீச்சியிலுள்ள கேரள வன ஆராய்ச்சி நிலையமும் வாளையாறுக்கு இருபுறமும் இருக்கின்றன. அவை இத்துறையில் இறங்குவதானால் முதலில் பார்க்க வேண்டியது மறையூரை என்பது நமது கருத்து. அங்கே சந்தனத்தைத் தின்பது ஸ்பைக் நோய். இலை சிறுத்து, விறைத்து, கிளை ஈட்டி முனை போலாகி, இரண்டு மூன்று ஆண்டுகளில் மரம் பட்டுவிடும். 1899-ல் குடகில் முதன்முதலாகப் பதிவான நோய் இது. பாக்டீரியா போன்றதொரு நுண்ணுயிர் சாறு உறிஞ்சும் பூச்சிகள் வழியே பரப்பும் இந்நோய்க்கு இன்றுவரை மருந்து இல்லை. சந்தனம் போனால் மறையூரில் ஏலம் ஏது, வாட்சர் வேலை ஏது?

ஆராய்ச்சி வேண்டும். ஆனால் எந்த எழுத்தைத் திருத்துவது என்று தெரிந்தால்தானே திருத்தலாம்? அக்கம்பக்கத்து மரங்கள் பட்டபோதும் பசுமையாய் நின்ற மரம் எது என்பது அன்றாடம் காட்டைச் சுற்றுகிற வாட்சருக்குத் தெரியும். அவரைக் கேட்டு அந்த மரங்களைக் குறித்து விதை சேர்ப்பது ஆய்வுக்கூடத்துக்கும் முந்திய வேலை. செலவும் அதிகமில்லை!

சட்டம்தான் நம்மைக் கவலைகொள்ளச் செய்கிறது. 2022 மார்ச் 30ஆம் தேதியிட்ட மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சக ஆணை, சிறு திருத்தம் பெற்று, வேற்று மரபணு மிச்சமில்லாத செடிகளை 1989ஆம் ஆண்டு விதிகளின் கடுமையான பிரிவுகளிலிருந்து விலக்கிவிட்டது. நான்கு மாத நெல்லும் முப்பது ஆண்டுச் சந்தனமும் அந்த ஆணையின் கண்ணுக்கு ஒன்றே. சந்தனப் பழத்தைத் தின்ற பறவை சின்னாறு செக்போஸ்டில் நிற்பதில்லை. திருத்திய மரத்தின் விதை அமராவதிக் காட்டில் விழுந்து முளைத்தால் திரும்பப் பெறவும் முடியாது. இம்மண்ணின் காட்டு மரங்களுக்கு இந்த விலக்கு கூடாது. நீண்ட சோதனைக்குப் பிறகே அனுமதி தர வேண்டும்.

யூகலிப்டஸ் விஷயம் வேறு. அதற்கு இங்கே காட்டு உறவு கிடையாது. அதன் மகரந்தத்தால் நமக்குப் பெரிய அச்சமில்லை. வட்டவடை விவசாயியிடம் கேட்டால் 'கிராண்டிஸ்' தண்ணீரைக் குடிக்கிறது என்பார். விதையில்லாத கிராண்டிஸும் தண்ணீர் குடிக்கத்தானே செய்யும்? 2021-ல் காட்டு மீட்புக் கொள்கை வகுத்த கேரள அரசே 2024 மே மாதத்தில் வன வளர்ச்சிக் கழகத்துக்கு யூகலிப்டஸ் நட அனுமதி தந்து, எதிர்ப்பு எழுந்ததும் ஆணையைத் திருத்திக்கொண்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 'திருத்திய மரம், தீங்கற்ற மரம்' என்ற பெயரில் அந்தத் தோட்டங்கள் திரும்பி வர இடம் தரலாகாது.

கோட்டயத்தில் உருவான மரபணு மாற்று ரப்பருக்குக் கேரளம் இசையவில்லை. வயல் சோதனை 2021 ஜூனில் குவாஹாட்டி அருகே தொடங்கிற்று. மாநிலம் வேண்டாம் என்று சொல்ல அன்று ஒரு வழி இருந்தது. விலக்குப் பெற்ற மரத்துக்கும் அந்த வழி அடைபடக் கூடாது.

மாநிலத்தைக் கேட்டால் மட்டும் போதாது. மலையில் உள்ளவர்களையும் கேட்க வேண்டும். மறையூர், காந்தளூர், வட்டவடைப் பஞ்சாயத்துகளில் மரக் கன்று நடுவதற்கு முன்பே கூட்டம் கூட்டி, என்ன மரம், என்ன திருத்தம் என்று தமிழில் விளக்க வேண்டும். தமிழ்ச் சிறுபான்மையோர் அரசுடன் தமிழிலேயே கடிதப் போக்குவரத்து நடத்த 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடமளிக்கிறது. தேவிகுளம் தாலுகாவில் நோட்டீஸ் மலையாளத்தில் மட்டும் ஒட்டப்பட்டிருந்தால், தமிழில் தரும்படி மனு எழுதித் தர நமது குமாஸ்தா நண்பர்கள் முன்வர வேண்டும்.