பழிப்புக் காட்டுதல்

ஆங்கிலத்தில் 'மொக்' என்றொரு சொல் உண்டு. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஆங்கில மொழிவழி கற்கும் மாணவர்க்கு அது பரீட்சையோடு ஒட்டிய சொல். மெய்ப் பரீட்சைக்கு முன்னர் நடக்கும் மாதிரிப் பரீட்சைக்கு அதுவே பெயர். அதே சொல் இலக்கிய பாடத்தில் ஏளனம் என்ற பொருளோடு எதிர்ப்படும்போது அவர்கள் திகைக்கிறார்கள். மாதிரிக்கும் ஏளனத்துக்கும் என்ன உறவு? அகராதியைப் புரட்டினால் 'கேலி செய்', 'பரிகசி', 'போலியான' என்று பொருள்கள் வரிசையாக நிற்கின்றன. ஒன்றுக்கொன்று உறவு சொல்வார் இல்லை.

உறவு எளியதுதான். ஒருவரைப் போலச் செய்து காட்டி, அதனாலேயே அவரை நகைப்புக்கு ஆளாக்குவது அச்சொல்லின் உயிர்நிலை. இதற்கு நேரான சொல் தமிழில் இல்லை என்று கற்றோர் சிலர் வாதிக்கக் கேட்டிருக்கிறேன். பண்டிதர் மறந்ததைச் சிறுபிள்ளைகள் மறக்கவில்லை. பிறர் நடையையும் பேச்சையும் முகக்கோணலையும் அப்படியே செய்து கேலிபண்ணுவதை 'பழிப்புக் காட்டுதல்' என்கிறோமே, அது வேறென்ன? வெறுமனே பழித்தல் வாயால் ஆவது. 'காட்டுதல்' சேர்ந்ததும் நடிப்பு முழுவதும் அதனுள் வந்து விடுகிறது.

'போலி' என்ற சொல்லின் கதை வேறு. இலக்கணத்தில் அதற்கு இழிவே இல்லை. 'அறம்' என்பது 'அறன்' என்று வந்தால் கடைப்போலி. அதில் வஞ்சனை எதுவுமில்லை. கடைத்தெருவுக்கு வந்த பிறகே அச்சொல் கள்ளச் சரக்கின் பெயராயிற்று.

நான் வலியுறுத்த விரும்புவது வகுப்பறைச் சங்கதி. அலெக்சாண்டர் போப் 1712இல் வெளியிட்டு 1714இல் விரித்த காவியம், ஒரு சீமாட்டியின் கூந்தற் சுருள் வெட்டப்பட்டதை ஹோமரின் போர்முழக்கத்தோடு பாடுவது. இவ்வகையை 'கேலிக் காவியம்' என்று மொழிபெயர்த்துக் கற்பிக்கிறோம். கேலி வந்துவிட்டது; காவியத்தைப் போலச் செய்த வித்தை எங்கே போயிற்று?

நம்மிடமே சான்று இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தில் நட்டுவச் சுப்பையனார் 'கனகி புராணம்' பாடினார். வண்ணார்பண்ணைத் தாசி கனகியையும் அவளை நாடிச் சென்ற பெரிய மனிதர்களையும் புராணத்துக்குரிய யாப்பிலும் மிடுக்கிலும் வைத்துப் பாடினார். நூல் முழுமையாகக் கிடைக்கவில்லை. எஞ்சியவை சில பாடல்களே. கோயிலில் புராணபடனம் கேட்டுப் பழகிய செவிக்கு அவற்றின் ஒவ்வோர் அடியிலும் சிரிப்பு உண்டு. புராணமே அறியாத இன்றைய மாணவனுக்கோ அவை வெறும் வசை. (கனகியின் பக்கத்திலிருந்து பாடுவார் ஒருவரும் இருந்திலர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.) ஆசிரியர் கந்தபுராணத்துச் செய்யுள் ஒன்றையும் இதிலொன்றையும் அருகருகே வைத்துப் படித்துக் காட்டினால், நீண்ட விளக்கம் எதுவும் வேண்டியிராது.

எள்ளலை நகையின் நிலைக்களன் நான்கனுள் முதலாவதாகத் தொல்காப்பியர் வைத்தார். ஆயினும் எல்லா எள்ளலும் பழிப்புக் காட்டுதல் அன்று. பழிப்புக் காட்டுகிறவன் எதிராளியைக் கூர்ந்து பார்த்திருக்க வேண்டும். பிறகு தானே நடிக்க வேண்டும். நடிப்புப் பிசகினால் சிரிப்பு அவன்மேலேயே திரும்பும். அந்த ஆபத்துத்தான் அவனுக்குரிய கடிவாளம்.

இந்த இடத்தில் நம் நாட்டு வழக்கான 'பகிடி' நினைவுக்கு வருகிறது. தமிழகத்தார் 'பகடி' என்பதை நாம் பகிடி என்கிறோம். அதனோடு வதையைச் சேர்த்து, ஆங்கிலத்தார் 'ராகிங்' என்பதற்குப் 'பகிடிவதை' என்று பெயரிட்டோம். ஆங்கிலச் சொல் மறைப்பதை நம் சொல் மறைக்கவில்லை. 1997இல் பேராதனையில் பொறியியல் மாணவர் ஒருவர் பகிடிவதையால் உயிரிழந்தார். 1998இல் அதனைத் தடைசெய்யும் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பகிடியில் நடிப்பவன் பகிடி பண்ணுகிறவன். பகிடிவதையில் நடிக்க வைக்கப்படுகிறவனோ வதைபடுகிறவன். மற்றவர்க்கு ஒரு வித்தையும் வேண்டாம், எண்ணிக்கை போதும். களனியாயினும் பேராதனையாயினும் புதிதாக வந்த பிள்ளையை வளைத்து நிற்கும் மூத்த மாணவர், அந்தக் கூட்டுச்சொல்லின் முற்பாதியை மட்டுமே உச்சரிக்கிறார்: "சும்மா பகிடிக்குத்தான், தம்பி."