‘பெரியவர்களுக்கு’ என்று எழுதியிருந்தால்

டோக்கியோவில் வேலை பார்க்கும் தங்கை மகன் விடுமுறைக்கு வந்தபோது ஒரு பை நிறையத் தின்பண்டம் கொண்டுவந்தான். அதிலிருந்து ஒரு பெட்டியை மட்டும் தனியாக எடுத்து என் அண்ணன் கையில் கொடுத்தான். “பெரிய மாமா, இது உங்களுக்குத்தான். பெரியவங்களுக்குன்னே போட்டிருக்கான். இனிப்பு கம்மி.” அண்ணனுக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை. அண்ணி பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அப்ப இவர் இதைச் சாப்பிடலாமா?”

பெட்டி முழுக்க ஜப்பானிய எழுத்து. கொண்டுவந்தவனுக்கும் சட்டென்று பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அண்ணி கேட்டது சரியான கேள்வி. இனிப்பு குறைவு என்பதும் சர்க்கரை குறைவு என்பதும் ஒன்றுதானா? பெரியவர்கள் என்று அந்தப் பெட்டி யாரைச் சொல்கிறது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் பண்டம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து பிடிக்கிற அளவில், அடுக்கடுக்காகப் பொங்கி வெந்த மாவு, உள்ளே சாக்லேட். இந்த இனத்தில் ஜப்பானில் எல்லோரும் அறிந்தது லோட்டே நிறுவனத்தின் ‘பை நோ மி’. 1979-ல் கடைக்கு வந்தது. பை என்பது பேக்கரிக்காரர்கள் சொல்லும் பை; ‘மி’ என்றால் கனி. மரத்தில் காய்த்த பை என்பது போன்ற ஒரு விளையாட்டுப் பெயர்.

அதன் பெருமை 64 அடுக்கு. கேட்டால் மலைப்பாக இருக்கும். கணக்குப் போட்டால் எளிது. மாவுக்கு நடுவே கொழுப்பை வைத்துத் தேய்த்து, நாலாக மடித்து, மறுபடி தேய்த்து, மறுபடி நாலாக மடித்து, மூன்றாம் முறையும் அப்படியே செய்தால் 4×4×4, அதாவது 64. அடுப்பில் வேகும்போது மாவிலுள்ள ஈரம் ஆவியாகி ஒவ்வொரு அடுக்கையும் மேலே தூக்குகிறது. இடையிலுள்ள கொழுப்பு அடுக்குகளை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் பார்த்துக்கொள்கிறது. நம்மூர் பேக்கரியில் முட்டை பப்ஸ் பொங்குவதும் இதே வழியில்தான். இங்கே உருவம் சிறியது, உள்ளே மசாலாவுக்குப் பதில் சாக்லேட். அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது பெட்டியின் மேலே இருக்கும் சொல். ஜப்பானிய மொழியில் ‘ஒதோனா’ என்றால் வளர்ந்தவர், பெரியவர். பழகிப்போன தின்பண்டம் ஒன்றின் இனிப்பைக் குறைத்து, கோக்கோவைக் கூட்டி, பெயருக்கு முன்னால் இந்தச் சொல்லைச் சேர்த்து விற்பது அங்கே வெகு சகஜம். நெஸ்லே ஜப்பானின் கிட்காட்டில் ‘ஒதோனா நோ அமாசா’ என்றே ஒரு வகை இருக்கிறது. ‘பெரியவர்களின் இனிப்பு’ என்று பொருள். மெய்ஜி நிறுவனத்தின் காளான் வடிவ ‘கினோகோ நோ யாமா’, மூங்கில் குருத்து வடிவ ‘தாகெனோகோ நோ சாதோ’ இரண்டுக்கும் ஒதோனா வகைகள் வந்திருக்கின்றன.

பெரியவர்களுக்கு என்றதும் இரண்டு சந்தேகம் வரும். ஒன்று, உள்ளே மது இருக்குமோ என்பது. மது கலந்த சாக்லேட்டும் ஜப்பானில் உண்டு. லோட்டேயே ‘பாக்கஸ்’, ‘ரம்மி’ என்று இரண்டு வகைகளைக் குளிர்காலத்தில் விற்கிறது. முதலாவதில் கோன்யாக், இரண்டாவதில் ரம்மில் ஊறிய உலர்திராட்சை. அவற்றில் மது இருப்பதை அட்டையிலேயே சொல்லிவிடுவார்கள். ஒதோனா என்ற சொல் மட்டும் இருந்தால் அது மதுவைக் குறிக்காது. இரண்டாவது சந்தேகம் வயது பற்றியது. ஜப்பானில் சட்டப்படி ஒருவர் பெரியவராகும் வயது 2022 ஏப்ரலில் 20-லிருந்து 18 ஆனது. அதற்கும் இந்தப் பெட்டிக்கும் சம்பந்தமில்லை. பத்து வயதுப் பையன் வாங்கினாலும் கடைக்காரர் கொடுத்துவிடுவார். இங்கே ‘பெரியவர்’ என்பது வயதைச் சொல்லவில்லை, நாக்கைச் சொல்கிறது.

அன்று கொண்டுவந்த பையில் அதே இனத்தின் சாதா வகையும் ஒரு பெட்டி இருந்தது. இரண்டையும் தட்டில் வைத்து, நடுவில் ஒரு வாய் தண்ணீர் குடித்து, ஒன்றன்பின் ஒன்றாகத் தின்று பார்த்தேன். சாதா வகையில் பல் பட்டதும் மாவு பொரபொரவென்று உதிர்ந்தது. அது உதிர்ந்து முடிவதற்குள் பால் சாக்லேட்டின் இனிப்பு முந்திக்கொண்டது. மாவின் ருசி என்னவென்று யோசிக்க இடமே இல்லை. விழுங்கிய பிறகும் நாக்கில் இனிப்பு பிசுபிசுத்தது.

ஒதோனா வகையில் வரிசை மாறியது. முதலில் வந்தது மாவு: நன்றாக வெந்த மேல்தோலின் வாசனை, கொஞ்சம் உப்பு, வெண்ணெய்யின் மணம். அடுத்து கோக்கோவின் கசப்பு தலைகாட்டியது. வறுத்த காப்பிக்கொட்டையைக் கடித்தால் வருமே, அதைவிடச் சாது. இனிப்பு மூன்றாவதாகத்தான் வந்தது, வந்த வேகத்தில் போயும்விட்டது. கோக்கோ வெண்ணெய் ஏறக்குறைய 34 டிகிரியில் உருகும். நம் உடல் சூட்டுக்குச் சற்றுக் கீழே. அதனால் வாயில் அது சுவடில்லாமல் கரைந்துவிடுகிறது. கடைசியில் மிஞ்சியது இளங்கசப்பு. ஜப்பானியர் இதை ‘ஹொரோநிகாய்’ என்பார்கள். கசப்புதான், ஆனால் முகம் சுளிக்க வைக்காத கசப்பு.

என் தங்கையின் பேத்திக்கு எட்டு வயது. அவளுக்கும் ஒன்று கொடுத்தோம். பாதி கடித்துவிட்டு, “கசக்குது” என்று மீதியைத் தாத்தா கையில் வைத்தாள். அவள்மேல் குற்றமில்லை. மனித நாக்கில் கசப்பை உணர ஏறக்குறைய 25 வகை ஏற்பிகள் இருக்கின்றன. இனிப்புக்கு அடிப்படையாக ஒரே வகைதான். இயற்கையில் நஞ்சுள்ள பல பொருள்கள் கசக்கும். அதனால் கசந்தால் துப்பு என்பது குழந்தையின் உடலிலேயே எழுதியிருக்கிறது. இனிப்போ பழத்தையும் தாய்ப்பாலையும் அடையாளம் காட்டுவது. குழந்தைகள் பெரியவர்களைவிடக் கூடுதல் இனிப்பை விரும்புவதும், பதின்பருவத்தில் அந்த விருப்பம் மெல்ல இறங்குவதும் ஆய்வுகளில் பலமுறை தெரியவந்த விஷயம். தின்று தின்று, ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் கசப்பு நமக்குப் பிடிக்கத் தொடங்குகிறது. பாகற்காயும் சுண்டைவற்றலும் நமக்குப் பிடித்துப்போனது எந்த வயதில் என்று யோசித்துப் பாருங்கள்.

ஜப்பானிய மொழியும் இந்த எண்ணத்துக்குத் துணை நிற்கிறது. ‘அமாய்’ என்றால் இனிப்பான. அதே சொல்லுக்குக் கண்டிப்பில்லாத, விவரம் போதாத என்ற பொருளும் உண்டு. பிள்ளைக்குச் செல்லம் கொடுக்கும் அப்பா ‘அமாய்’. உலகம் தெரியாதவனின் யோசனையும் ‘அமாய்’. ஆக, ஒரு பண்டத்தில் ‘அமாய்’ குறைந்தால் அதற்கு முதிர்ச்சி வந்துவிட்டது என்ற தொனி தானாகவே சேர்ந்துகொள்கிறது. அங்கே ஒரு கேக்கைப் பாராட்டும்போது “ரொம்ப இனிப்பாக இல்லை, நன்றாக இருக்கிறது” என்று சொல்வது வழக்கம். நாம் ஒரு வீட்டில் பாயசம் குடித்துவிட்டு அப்படிச் சொன்னால் சமைத்தவர் முகம் வாடிவிடும்.

இனிப்பையும் கசப்பையும் சேர்த்துப் பார்ப்பது அங்கே புதிதும் அல்ல. தேநீர்ச் சடங்கில் முதலில் ஒரு சிறு இனிப்பைத் தின்ன வேண்டும். அதன் பிறகுதான் சர்க்கரை இல்லாத, கசப்பான பச்சைத் தேயிலைப் பொடி கலக்கிய மாட்சா வரும். அங்கே இனிப்பின் வேலை கசப்புக்கு வழிவிடுவது. ஒதோனா சாக்லேட் இந்த இரண்டையும் ஒரே கடிக்குள் வைத்துவிடுகிறது.

வியாபாரக் காரணமும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. 2022-ல் ஜப்பானில் பிறந்த குழந்தைகள் எட்டு லட்சத்துக்கும் குறைவு. மக்கள்தொகையில் பத்தில் கிட்டத்தட்ட மூவர் 65 வயதைத் தாண்டியவர்கள். குழந்தைகளை நம்பி மட்டும் மிட்டாய்க் கம்பெனி நடத்த முடியாது. 1979-ல் ‘பை நோ மி’யை முதன்முதலாகத் தின்ற ஏழு வயதுப் பிள்ளை இன்று ஐம்பதைத் தாண்டியிருப்பார். அவருக்கு அந்தப் பழைய பண்டத்தின்மேல் ஆசை இருக்கிறது. ஆனால் அந்தப் பழைய இனிப்பு இப்போது திகட்டுகிறது. பிள்ளைகள் தின்பதைத் தின்கிறோமே என்ற கூச்சமும் இருக்கலாம். ‘ஒதோனா’ என்ற சொல் இரண்டையும் தீர்த்துவைக்கிறது. முன்பு இதே வேலையை வேறொரு சொல் செய்தது. கிளிக்கோ நிறுவனம் தன் ‘போக்கி’ குச்சியில் கசப்புச் சாக்லேட் பூசிய வகைக்கு ‘மென்ஸ் போக்கி’, அதாவது ஆண்களின் போக்கி, என்று பெயர் வைத்தது. கசப்பு ஆண்களுக்கு என்றிருந்ததைப் பெரியவர்களுக்கு என்று மாற்றிச் சொல்வது எவ்வளவோ மேல்.

இனி அண்ணியின் கேள்வி. இனிப்பு குறைவு என்றால் சர்க்கரை குறைவா?

காப்பி போடுகிறவர்களுக்கு இது தெரியும். இரண்டு டம்ளரிலும் இரண்டிரண்டு ஸ்பூன் சர்க்கரை போடுங்கள். ஒன்றில் தண்ணியான டிகாக்‌ஷன், மற்றதில் முதல் டிகாக்‌ஷன். முதலாவது தித்திக்கும். இரண்டாவதைக் குடித்தவர் “சர்க்கரை போட்டியா?” என்று கேட்பார். சர்க்கரை அளவு மாறவில்லை. கசப்பு ஏறி இனிப்பை அமுக்கிவிட்டது. சாக்லேட்டிலும் கதை இதுதான். கோக்கோ கூடினால், சர்க்கரை சிறிதளவே குறைந்திருந்தாலும், இனிப்பு வெகுவாகக் குறைந்ததாக நாக்கு சொல்லும். ஒதோனா வகைகளில் சர்க்கரை ஓரளவு குறைந்தே இருக்கலாம். ஆனால் எவ்வளவு என்பதை நாக்கை வைத்து அளக்க முடியாது.

சர்க்கரை குறைந்த இடத்தில் என்ன வந்து உட்காருகிறது என்றும் பார்க்க வேண்டும். கோக்கோ விழுதில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. ஒரு கிராம் சர்க்கரைக்கு 4 கலோரி, ஒரு கிராம் கொழுப்புக்கு 9. பத்து கிராம் சர்க்கரையை எடுத்துவிட்டுப் பத்து கிராம் கோக்கோ விழுதைப் போட்டால் 40 கலோரி போகும். புதிதாக வந்த கொழுப்பிலிருந்து மட்டும் 45 கலோரி சேரும். இதற்கு மேல் 64 அடுக்குக்கு நடுவே இருக்கும் கொழுப்பும், கோதுமை மாவும். அந்த மாவும் உடலுக்குள் போய்க் கடைசியில் குளுக்கோஸ்தான் ஆகிறது. இனிக்காத மாவும் இரத்தச் சர்க்கரையை ஏற்றும் என்பதைச் சர்க்கரைக்காரர்கள் இட்லியிலேயே கற்றுக்கொண்டிருப்பார்கள்.

ஜப்பானியச் சட்டம் இந்த வித்தியாசத்தைத் தெளிவாகவே பிரித்து வைத்திருக்கிறது. திடப் பண்டத்தில் ‘குறைந்த சர்க்கரை’ என்று எழுத 100 கிராமில் 5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கக் கூடாது. ‘சர்க்கரை இல்லை’ என்று எழுத அரை கிராமுக்கும் கீழே இருக்க வேண்டும். வேறொரு பண்டத்தோடு ஒப்பிட்டு இத்தனை சதவீதம் குறைத்திருக்கிறோம் என்று சொன்னால் குறைந்தது 25 சதவீதமாவது குறைத்திருக்க வேண்டும். ஆனால் ‘அமாசா ஹிகாஎமே’, அதாவது அடக்கமான இனிப்பு, என்று எழுத இந்த அளவுகள் எதுவும் பொருந்தாது. அது சுவையைப் பற்றிய பேச்சு, சத்தைப் பற்றிய வாக்குறுதி அல்ல என்பது அங்கே விதி. ‘பெரியவர்களின் இனிப்பு’ என்பதும் அதே வகைப் பேச்சுதான். கம்பெனி பொய் சொல்லவில்லை. அது சொல்லாத ஒன்றை நாம்தான் படித்துவிடுகிறோம்.

டீக்கடையில் “சர்க்கரை கம்மி” என்று இரண்டு பேர் சொல்வார்கள். ஒருவர் டாக்டர் சொன்னதால், இன்னொருவர் தேயிலையின் ருசி தெரிய வேண்டும் என்பதால். இந்தப் பெட்டி இரண்டாமவருக்காகச் செய்தது. அந்த வகையில் நல்ல பண்டம். மாவும் கோக்கோவும் தனித்தனியே தெரிகின்றன. இரண்டு தின்றதும் போதும் என்று தோன்றுகிறது. சர்க்கரை போடாத தேநீரோடு தின்றால் இன்னும் நன்றாக இருக்கிறது. முதலாமவர் பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அதற்கு ஜப்பானிய எழுத்து தெரிய வேண்டியதில்லை. அங்கே பொட்டலத் தின்பண்டங்களில் ஐந்து கணக்குகளை இதே வரிசையில் அச்சிட வேண்டும் என்பது சட்டம்: கலோரி, புரதம், கொழுப்பு, மாவுச்சத்து, உப்பு. சர்க்கரையைத் தனியாகக் காட்டுவது கட்டாயமில்லை. அது மாவுச்சத்துக்குள் அடங்கிவிடும். எனவே பெரும்பாலான பெட்டிகளில் நான்காவது எண்தான் நாம் தேடுவது. அது முழுப் பெட்டிக்கா, ஒரு பொட்டலத்துக்கா என்பதை மேல்வரி சொல்லும். கைபேசியின் கேமராவைக் காட்டினால் மொழிபெயர்த்துவிடும். அண்ணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த நான்காவது எண்ணைத் தேடிப் பிடித்து, பெட்டியில் இருந்ததை எண்ணி வகுத்துப் பார்த்தார். அண்ணனுக்கு அன்று இரண்டு கிடைத்தது. ராத்திரி ஒரு இட்லி குறைந்தது.