அறிவிப்புச் சீட்டில் எண் பிறழலாகாது

சங்கத்தின் பேரேடு எத்துணைச் செம்மையாக இருப்பினும், அங்கத்தினர் கையில் சேர்வது அறிவிப்புச் சீட்டே. அதில் கண்ட தொகையையும் தேதியையுமே அவர் நம்பி நடக்கிறார். ஆதலின் சீட்டில் எண் பிறழ்வது சிறு பிழையன்று. சங்கத்தின் நாணயத்தைப் பற்றிய விஷயமாகும்.

இன்று பல சங்கங்களில் கணக்கு விவரங்களை எக்ஸெல் அட்டவணையில் வைத்து, வேர்டில் எழுதிய கடிதத்துடன் இணைத்து, நூற்றுக்கணக்கான சீட்டுகளை ஒருசேர அச்சிடுகின்றனர். மெயில் மெர்ஜ் எனப்படும் இம்முறை உழைப்பைக் குறைப்பது உண்மையே. ஆயினும் அட்டவணையில் 8.2 சதவீதம் என்றிருக்கும் வட்டி, சீட்டில் 8.1999999999999993 என்று இறங்குவதுண்டு. மார்ச் 5-ஆம் தேதியாகிய தவணை நாள், மாதம் முன்னாகவும் நாள் பின்னாகவும் மாறி 3/5 என்று வருவதுண்டு. அதனை மே 3 என்று படிக்கும் விவசாயியின் கதி என்ன? தவணை தவறாதவருக்கே வட்டியில்லாப் பயிர்க்கடன் என்னும் சலுகை உரியது. அதனை அவர் தம் குற்றமின்றியே இழக்க நேரும்.

இதன் காரணம் எளிது. அட்டவணையில் எண் வேறு, எண்ணின் தோற்றம் வேறு. காற்புள்ளி, இரண்டு தசம இடங்கள், தேதியின் வரிசை ஆகியவை தோற்றத்தைச் சேர்ந்தவை. இணைக்கும்போது எண் மட்டுமே செல்கிறது. சேலை போய்ச் சேர்ந்து, விலைச்சீட்டு தறிக்கூடத்திலேயே தங்கிவிட்டது போல. மேலும், கணினி இரண்டையே அடியாகக் கொண்டு எண்ணுவதால், 8.2 போன்ற தசமங்களை அணுவளவு வேறுபாட்டுடனேயே காத்து வைக்கிறது. அவ்வேறுபாடே சீட்டில் வெளிப்படுகிறது.

பரிகாரமும் எளிதே. கடிதத்தில் ஆல்ட், எஃப்9 விசைகளைச் சேர்த்து அழுத்தினால் இணைப்புக் குறிகள் தெரியும். தொகைக்குரிய குறியில், புலத்தின் பெயரை அடுத்து \# "#,##0.00" என்று சேர்த்தல் வேண்டும். தேதிக்கு \@ என்னும் குறியை இட்டு, மேற்கோளுக்குள் நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையை எழுதுதல் வேண்டும். மாதத்தின் எழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்தாக இருத்தல் அவசியம். சிறிய எழுத்து நிமிடத்தைக் குறிக்கும்.

வங்கிக் கணக்கு எண்ணில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். எக்ஸெல் 15 இலக்கங்களையே துல்லியமாகக் காக்கும். 16 இலக்க எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். முன்னிற்கும் பூஜ்யங்களும் மறையும். எனவே எண்ணைப் பதியுமுன்பே அப்பத்தியை எழுத்து வகையாக அமைத்தல் வேண்டும். பின்னர் மாற்றுவதால் இழந்த இலக்கம் மீளாது. பாஸ் புத்தகத்தைப் பார்த்து மீண்டும் பதிவதே வழி.

கணினி அப்படி அச்சிட்டுவிட்டது என்னும் சமாதானம் ஏற்கத்தக்கதன்று. கையொப்பமிடுபவர் காரியதரிசியே அன்றிக் கணினியன்று. மிகப் பெரிய தொகை, காசுடன் கூடிய தொகை, பாக்கி இல்லாதவர் கணக்கு ஆகியவற்றுக்குரிய சீட்டுகளையேனும் பேரேட்டுடன் ஒப்பிட்ட பின்னரே அனுப்புதல் வேண்டும். அங்கத்தினர்களும் சீட்டைப் பாஸ் புத்தகத்துடன் ஒத்துப் பார்ப்பார்களாக. ஐயம் தோன்றின் கேட்பது குறை கூறுவதாகாது. அது பங்குதாரரின் உரிமை.